புகைக்கூண்டுக்குள் இறங்கிய பைப்

கழுகுமலை ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஊரில் இருக்கிறது என் அத்தை வீடு. அகலச் சுவர் வைத்துக் கட்டிய பழைய காரை வீடு. போன மாசியில் போயிருந்தபோது, அடுக்களை மூலையில் கடப்பாக்கல் போட்டு மூடியிருந்த கொடியடுப்பைத் திறந்துவிடச் சொன்னார் அத்தை. "ஏய்யா, சிலிண்டர் தீந்தா அடுத்தது வார வரைக்கும் உலை வைக்காம இருக்க முடியுமா? வெறகுக்கா பஞ்சம் நம்ம ஊர்ல?"

விறகுக்குப் பஞ்சமில்லைதான். வாசலைத் தாண்டினால் சீமைக்கருவேலம். பருத்தி எடுத்து முடித்த புஞ்சையில் பருத்திமார் அடுக்கிக் கிடக்கிறது. இப்போது மக்காச்சோளம் பெருத்துவிட்டதால் அதன் சக்கை வேறு.

கல்லை நகர்த்தினோம். அடுப்பு அப்படியே இருந்தது. இறுகிய சாம்பல், கொடியின் வாயில் எலி இழுத்துப் போட்ட பருத்திக்கொட்டை. அண்ணாந்து பார்த்தேன். புகைக்கூண்டு வழியாக வானம் தெரியவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு பிவிசி பைப் அதற்குள் இறங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போகிறது. பைப்பைச் சுற்றியிருந்த சந்தில் சாக்கைத் திணித்து, மேலே சிமெண்டு பூசியிருந்தார்கள். தளத்தைத் துளைக்கிற வேலை மிச்சம் என்று எந்த பிளம்பரோ செய்த காரியம். கீழே, பழைய அடுப்புத் திட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு ஆரஞ்சு நிற கேஸ் ட்யூப்.

'மறுபடியும் விறகடுப்பு' என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மண்சட்டிக் குழம்பின் ருசியைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மூலையைப் பார்த்த பிறகு அது ஓடவில்லை. அடுப்பு மூடிக் கிடந்த வருஷங்களில் அதன் இடம் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் வந்தது, கரண்டு வந்தது, கேஸ் வந்தது. எல்லாம் அடுப்பு போன வழியிலேயே குடியேறிவிட்டன. தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு 2007-இல் வந்தது, உஜ்வலா 2016 மே மாதத்தில். கேஸ் எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்தா வைத்தோம்? மேடைக்கு இடம் கிடைத்த பக்கம் வைத்தோம்.

பிவிசி பைப்பிலிருந்து தொடங்குகிறேன். எண்பது டிகிரி சூட்டை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கிவிடும். அடுப்புக்கு நேர் மேலே எழுகிற புகை அதைவிடப் பல மடங்கு சூடு. இளகிய பைப் முதலில் வளையும், பிறகு இணைப்பில் விடும், தொட்டித் தண்ணீர் மொத்தமும் எரிகிற அடுப்பின் மேலும் கொதிக்கிற குழம்பின் மேலும் இறங்கும். தீப்பிடித்தாலோ ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். ஆகவே பைப்பைச் சுற்றிக் கல்நார் கட்டலாமா, தகரம் சுற்றலாமா என்ற பேச்சே வேண்டாம். பைப் வெளிச்சுவருக்குப் போயாக வேண்டும். புகைக்கூண்டு புகைக்கு மட்டும்தான். ஒயருக்கும் இதே கணக்கு. இன்னொன்று: சில வீடுகளில் புகைபோக்கியாகப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் நிற்கும். அடைப்பெடுக்கிறேன் என்று அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

தண்ணீர் பைப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குத் தூக்கம் கெட்டது கேஸை நினைத்துத்தான்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையில் படர்ந்து பள்ளம் தேடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். கேஸ் அடுப்பு மேடைமேல், சிலிண்டர் தரைமேல் என்று வைக்கும்போது நெருப்பு உயரத்தில் இருந்தது. கொடியடுப்பைத் திறந்தால் நெருப்பு மறுபடி தரைக்கு வருகிறது, அதாவது கேஸ் போய்ச் சேருகிற இடத்துக்கே. கேஸ் அடுப்பை அணைத்தால் அணைந்தது. சீமைக்கருவேலக் கங்கு அப்படியல்ல. ராத்திரி நீறு பூத்துக் கிடப்பது விடியற்காலையில் ஊதினால் சிவக்கும். ட்யூப் விரிசல் விட்டுக் கேஸ் தரையில் நகர்கிற அந்த இரவில், அடுப்புக்குள் கங்கு விழித்துக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பயம் தருவது வேறொன்று. கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம்தான் நமக்கு இருக்கிற ஒரே மணி. பருத்திமார் புகையும் அடுக்களையில், அந்தப் புகையிலேயே ஊறிப்போன மூக்குக்கு அந்த மணி எவ்வளவு கேட்கும்? அத்தையிடம் கேட்டேன். "பொகையில வேற வாசமா தெரியப்போவுது?" என்றார்.

ஒரே அடுக்களையில் இரண்டும் இருந்துதான் தீர வேண்டுமென்றால், சிலிண்டரும் ட்யூபும் விறகடுப்பின் எதிர்ப்பக்கம் போகட்டும். நடுவில் கதவோ சுவரோ இருந்தால் இன்னும் நல்லது. ட்யூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சுவருக்குள் நுழைந்து மறையவும் வேண்டாம். கண்ணில் படாத ட்யூபின் விரிசலை யார் பார்ப்பது? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. அத்தை வீட்டு ட்யூபில் அச்சடித்த வருஷம் தேய்ந்தே போயிருந்தது. மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசிவு குமிழாகக் காட்டிக்கொடுக்கும். விறகு மூட்டும் முன் ரெகுலேட்டரை அடைப்பது, உப்புப் பார்ப்பதுபோலக் கை பழக்கமாக வேண்டும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் போடுங்கள்.

விறகடுப்பே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சிலிண்டர் தீர்ந்த வீட்டில் அடுப்பு எரியத்தான் போகிறது. எப்படி எரியப்போகிறது என்பதுதான் என் கவலை. ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு ஒன்றை வடிவமைத்து, அதைப் பற்றிய சிறு புத்தகத்தை 1953-இல் சென்னையில் அச்சிட்டார். ஒரே தீயில் பல பாத்திரம் வைக்கலாம், புகை குழாய் வழியே கூரைக்கு மேல் போய்விடும். எழுபது வருஷத்துக்கு முந்திய அந்த யோசனை இன்றைக்கும் செல்லும், குழாய் அடைபடாமல் இருந்தால்.

குழாய் திறந்திருந்தால் மட்டும் போதாது. கரிசலில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், இந்த மண் சும்மா இருக்காது. ஐப்பசி மழையில் உப்பும். சித்திரையில் சுருங்கிக் கை நுழைகிற அளவு பிளக்கும். அஸ்திவாரம் அதோடு ஏறி இறங்க, சுவரில் வருஷா வருஷம் புது வெடிப்பு. சுவருக்குள் போகும் புகைக்கூண்டும் சுவரோடுதான் வெடிக்கிறது. வெளியே வெள்ளையடித்து மறைத்துவிடுகிறோம், உள்ளே யார் பார்த்தார்கள்? அந்த வெடிப்பு வழியாகக் கார்பன் மோனாக்சைடு பக்கத்து அறைக்குள் வரலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, மெர்காப்டன் கலந்துவிட ஆளும் இல்லை. மலையூர்களில் குளிருக்குக் கரி மூட்டி, கதவை அடைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருப்போம். அவர்களை எழுப்பாமல் விட்டது இதுதான்.

அத்தை வீட்டுக்கு வந்த கொத்தனார் வயசாளி, இந்தப் பக்கத்து மண்ணை அறிந்தவர். பைப்பை வெளிச்சுவருக்கு மாற்ற வைத்தார். சாக்கையும் சிமெண்டையும் கொத்தி எடுத்தார். மாடிமேல் கூண்டை மூன்றடி உயர்த்திக் கட்டி, மழை இறங்காமல் மேலே ஓடு கவிழ்த்தார். எனக்கு வேலை முடிந்த மாதிரி இருந்தது. அத்தை சுள்ளி ஒடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"பொறுங்க பெரியம்மா, வெறகு அப்புறம் வைக்கலாம். இன்னிக்கு வெள்ளிக்கெழமைதான, மொதல்ல சாம்பிராணி போடுங்க" என்றார் கொத்தனார். "அண்ணாச்சி, நீங்க அடுத்த ரூம்ல போய் நில்லுங்க."

தூபக்காலில் கங்கெடுத்து, அடுப்பு வாய்க்குள் வைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டார் அத்தை. மாடிக்கு ஏறியிருந்த பையன் "பொக வருது, பொக வருது" என்று கத்தினான். நான் படுக்கையறையில் நின்றிருந்தேன். அத்தை கட்டிலுக்கு நேர் மேலே, மாலை போட்ட மாமா படத்தின் பின்னாலிருந்து நூல் மாதிரி ஒரு புகை கசிந்து வந்தது. சாம்பிராணி வாசம்.

கொத்தனார் வந்து படத்தைக் கழற்றினார். ஆணிக்குப் பக்கத்திலிருந்து உத்திரம் வரைக்கும் ஒரு வெடிப்பு, என் சுண்டுவிரல் நுழைந்தது.

கடப்பாக்கல்லைத் திரும்ப மூடிவிட்டோம். வெடிப்பைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து, சித்திரை வெயிலில் அது மறுபடி விடுகிறதா என்று பார்த்து, அதன்பிறகு இன்னொரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுப் பார்த்துத்தான் திறப்பது என்று பேச்சு. அதுவரைக்கும் அத்தைக்குக் கொல்லையில் வேப்பமரத்தடியில் மூன்று கல்.