கத்தரித்துத் தைத்த பூமரம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சீட்டித் துணியிலிருந்த பூவையும் பறவையையும் கத்தரித்து, ஓரம் மடித்து வெள்ளைத் துணியில் தைத்து மெத்தைப் போர்வை செய்தார்கள். பிறர் வரைந்த படத்தை வெட்டித் தைப்பதில் சொந்தக் கற்பனை ஏது என்று கேட்கலாம். மூலத்துணியும் ஒருவர் கற்பனையில் பிறந்ததல்ல. சோழமண்டலக் கரையில் அதைக் கடுக்காய் நீரில் தோய்த்து, மூங்கில் எழுதுகோலால் வரைந்து, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பேற்றினார்கள். நீலம் ஏற வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கினார்கள். ஆனால் அதில் வரைந்த பூமரம் பாரசீகம், சீனம், ஐரோப்பா எல்லாம் சுற்றிவந்த மரம். 1643இலேயே லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார், போர்வைகளில் மங்கிய சிவப்புத் தளம் இங்கே போகவில்லை, வெள்ளைத் தளம் கூடுதலாக வேண்டும் என்று சூரத்திலிருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதிவிட்டார்கள். அப்படி ஊர் ஊராக மாறிவந்த மரத்தை இந்தப் பெண்கள் இன்னொரு முறை மாற்றினார்கள். கிளை எங்கே வளையும், பறவை எந்தப் பக்கம் பார்க்கும் என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

வெட்டியது கைவினையை அழித்ததாகாதா? அன்று சீட்டி விலை உயர்ந்ததாக இருந்தது. ஒரு துண்டும் வீணாகாமல் இருக்கவே வெட்டினார்கள். முழுத்துணியாக இருந்திருந்தால் நைந்து கந்தலாகியிருக்கக்கூடிய பூக்கள் இப்படித்தான் பிழைத்தன. இங்குள்ள போர்வையில் இலையோரத்துத் தையலை அருகில் நின்று பாருங்கள், தொட வேண்டாம்.