மருந்துக்குச் சாட்சி – 11: சொல்லாமல் வந்த புட்டி

இந்த வாரம் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைப் பற்றி என்று போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினின் 1948 லண்டன் சோதனை, யாருக்கு மருந்து என்ற குலுக்கலை ஒளித்து வைத்த மூடிய உறைகள் எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் விட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். லண்டனிலிருந்து ரிஃபாம்பிசினுக்குப் போகும் வழியில்தான் சேத்துப்பட்டு இருக்கிறது. அரைப் பக்கத்தில் அதைக் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு புட்டி குறுக்கே வந்து நின்றுவிட்டது.

நெய்வேலிக்காரர்களுக்கு 1956 என்றால் நவம்பர் 14, நிலக்கரி நிறுவனம் பதிவான நாள். அதே ஆண்டில்தான் சென்னை சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நாலு பேர் சேர்ந்து நடத்திய குடித்தனம். லண்டனிலிருந்து வந்து பொறுப்பேற்றவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்றைக்கு அந்த இடத்துக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

சேத்துப்பட்டு என்றதும் கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வராமல் இருப்பாரா? 1920 ஏப்ரல் 26 அன்று அவர் கண் மூடியது சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில், ‘கோமெட்ரா’ என்ற வீட்டில். இங்கிலாந்தில் அவருக்குக் காசநோய் என்றுதான் வைத்தியம் பார்த்தார்கள். (அது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா செய்த வேலை என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு.) 1914-ல் ‘நெவாசா’ கப்பலில் அவர் இங்கிலாந்து போனபோது உடன் பயணம் செய்தவர்களில் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் ஒருவர் இருந்தார். காசநோய் நிபுணர். மெண்டிப் மலையில் சொந்தமாக சானடோரியம் நடத்தியவர். மூன்று ஆண்டு கழித்து உடம்புக்கு முடியாமல் போனபோது ராமானுஜன் போய்ப் படுத்தது அந்த மெண்டிப் மலை சானடோரியத்தில். அதே சௌரிமுத்து ஊர் திரும்பி 1928-ல் தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம். மின்சார ரயிலில் தினம் போய்வருபவர்களுக்கு ‘சானடோரியம்’ வெறும் ஸ்டேஷன் பெயர். அதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சானடோரியத்தில் அப்படி என்னதான் வைத்தியம்? காற்று, வெளிச்சம், முட்டை, பால், படுக்கை. குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். அறுபது எழுபது ஆண்டு காலம் உலகம் நம்பியது இதைத்தான். ஸ்ட்ரெப்டோமைசினும், அதன் பின்னே பாஸ் (PAS) என்ற மருந்தும், 1952-ல் ஐசோனியசிட்டும் வந்த பிறகும் இந்த நம்பிக்கை அசையவில்லை. மருந்து கொடுங்கள், ஆனால் படுக்கையில் வைத்துக் கொடுங்கள் என்றார்கள். லண்டனில் அதற்கு வசதி உண்டு. இங்கே நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். எழுத்தாளர் புதுமைப்பித்தனை இந்த நோய் 1948-ல் கொண்டுபோனது. ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை முடிவு அச்சில் வந்தது அதே ஆண்டு, சில மாதம் கழித்து. பெயர் தெரியாமல் போனவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

ஆகவே சேத்துப்பட்டில் எழுந்த கேள்வி மிக நேரடியானது. சானடோரியத்தில் சேர்க்காமல், வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் ஆள் பிழைப்பானா? வீட்டிலிருப்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

சளியில் கிருமி இருந்த 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். சென்னை நகரத்து ஏழை ஜனங்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. இந்தக் குலுக்கலைப் பற்றி இந்தத் தொடரில் நான் ஓயாமல் பேசுகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். நெய்வேலியில் இருந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? இங்கே குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு என்றால் கிரேடு பார்ப்பார்கள், சீனியாரிட்டி பார்ப்பார்கள். எந்த வட்டத்தில் எந்த வீடு என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். மருந்துச் சோதனையில் அந்தக் காரணம்தான் இருக்கக் கூடாது. டாக்டருக்கு இரக்கம் வந்து நோஞ்சானாக இருப்பவர்களையெல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டால், கடைசியில் வீட்டு வைத்தியம் ஜெயித்ததா, திடமான உடம்பு ஜெயித்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட், பாஸ், ஓர் ஆண்டு. ஆனால் சாப்பாடு ஒன்றல்ல. சானடோரியத்தில் வேளாவேளைக்கு நல்ல ஆகாரம், ஓய்வு. வீட்டில் இருந்தவர்கள் கிடைத்ததைத் தின்றார்கள். எழுந்து நடமாட முடிந்ததும் வேலைக்குப் போனார்கள். ஒரே அறையில் குடும்பத்தோடு முடங்கினார்கள். எடை கூடியதில் சானடோரியத்தார்தான் முன்னே. ஓர் ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்து ஆண்டுவரை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் கரைந்துபோயிற்று. இரு பக்கமும் பத்தில் ஒன்பது பேர் அளவில் நின்றது.

குடும்பத்தாருக்கு? வீட்டிலேயே நோயாளியை வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. காரணம் யோசித்தால் புரியும். சளியில் கிருமி கண்டுபிடிக்கும் முன்பே அவர் மாதக்கணக்கில் வீட்டில் இருமியாகிவிட்டது. பரவ வேண்டியது பரவி முடிந்த பிறகு ஆளைத் தூக்கிக்கொண்டு போய் சானடோரியத்தில் போட்டு என்ன ஆகப்போகிறது? மருந்து ஆரம்பித்தால் கிருமியை வெளியே விடும் வேகமும் சீக்கிரம் குறைந்துவிடுகிறது. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இந்த அறிக்கை வந்த பிறகு, சானடோரியம் கட்டுவதற்கு இருந்த நியாயம் உலகம் முழுக்க ஆட்டம் கண்டது.

இதுவரை சொன்னது பாடப் புத்தகத்தில் உள்ளது. எனக்கு இந்த வாரம் தூக்கம் கெட்டது வேறொன்றால். வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்கினார் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாஸ் என்பது லேசான மருந்தல்ல. நாளொன்றுக்குப் பத்து கிராம் கணக்கில் உள்ளே தள்ள வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும், பேதியாகும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, காய்ச்சல் விட்டு, உடம்பு தேறியபிறகு, மீதிப் பத்து மாதம் இந்தக் கண்றாவியை விழுங்க யாருக்கு மனசு வரும்? விழுங்காமல் விட்டால் ஆபத்து இன்னொரு வழியில் வரும். பாஸ் இங்கே ஐசோனியசிட்டுக்குக் காவலாள். ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமிகள் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அவற்றைத் தலையெடுக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாஸின் வேலை. காவலாளை வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அந்த ஒன்றிரண்டு பெருகிக் கோடியாகும். ஐசோனியசிட்டைத் தனியாகக் கொடுத்தால் பலன் குறைவு என்பதை அடுத்த சோதனையில் இதே மையம் காட்டியது.

நோயாளியைக் கேட்டால் “ஒரு வேளைகூட விடலைங்க டாக்டர்” என்பார். பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். டாக்டர் முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல வரும்? ஃபாக்ஸ் அதனால் வாயை நம்பவில்லை. மூத்திரத்தை நம்பினார். பாஸ் சில மணி நேரத்தில் சிறுநீரகம் வழியாக வெளியே வந்துவிடும். சிறுநீரில் ஒரு ரசாயனத்தைச் சொட்டினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். மையத்துக்கு மருந்து வாங்க வரும் நாளில் சோதித்தால் போதாதா என்றால், போதாது. போகிற அன்றைக்குக் காலையில் மட்டும் ஒழுங்காக விழுங்கிவிட்டுப் போகிற சாமர்த்தியம் நம் ஜனங்களுக்கு உண்டு. (பரீட்சைக்கு முந்தின இரவு படித்தவர்கள் நோயாளியைக் குறை சொல்ல வேண்டாம்.) அதனால் மையத்துச் சுகாதாரப் பார்வையாளர்கள் முன்கூட்டிச் சொல்லாமல், திடுதிப்பென்று வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கையில் புட்டி. “கொஞ்சம் பிடிச்சுக் குடுத்துடுங்க.” வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தையும் எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தால் கதை தெரிந்துவிடும்.

சந்துபொந்தெல்லாம் முகவரி தேடிப் போய், ஆள் வேலைக்குப் போயிருந்தால் மறுபடி போய், ஓர் ஆண்டு முழுக்க இப்படி. அந்தப் பார்வையாளர்களின் பெயர்கள் அறிக்கைத் தலைப்பில் இல்லை. என்னைக் கேட்டால் சேத்துப்பட்டுச் சோதனையின் முதுகெலும்பு அவர்கள்தான். இன்னொரு வேடிக்கை: சானடோரியத்தில் சேர்ந்தவர்களில் சிலர் ஆண்டு முடியும் முன்பே மருத்துவர் பேச்சை மீறி மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? புட்டி அங்கேயே வந்தது.

இருந்தும் மருந்தை விட்டவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். நோயாளி தானே மருந்து சாப்பிட்டுக்கொள்வதில் உள்ள சிக்கல் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த யோசனை, கண் முன்னால் விழுங்க வைப்பது. தினமும் கண் முன்னால் என்றால் நடக்கிற காரியமில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு ஐசோனியசிட்டைக் கூடுதல் அளவில் கொடுத்தால்? அதையும் சேத்துப்பட்டிலேயே சோதித்தார்கள். 1964-ல் வந்த முடிவு, பலிக்கிறது என்றது. முப்பது ஆண்டு கழித்து உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்று பெயர் வைத்து நாடு நாடாகக் கொண்டுபோனதற்கு விதை இதுதான்.

டாட்ஸை நான் பக்கத்தில் நின்று பார்த்தது நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில். ஒன்றுவிட்ட ஒருநாள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஓர் அங்கன்வாடி அக்காவிடம் மருந்துப் பெட்டி இருந்தது. கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒருவர் முதல் ஷிஃப்டு முடிந்து, பேன்ட்டில் பழுப்புத் தூளோடு சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வருவார். பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும். அக்கா மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைப்பார். சொம்புத் தண்ணீர். விழுங்கியதும், “அண்ணே, ஆ காட்டுங்க.” அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி. அட்டையில் ஒரு குறி போட்டாயிற்று. இரண்டு பேருமே சிரிக்க மாட்டார்கள்.

2017 வாக்கில் தினசரி மருந்து முறைக்கு மாறிய பிறகு, மாத்திரைப் பட்டையைச் சுற்றி ஓர் அட்டை உறை வந்தது. மாத்திரையைப் பிதுக்கினால் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் எண்கள் வெளிப்படும். அந்த எண்ணுக்குக் கட்டணமில்லாமல் ஒரு மிஸ்டு கால். இன்றைக்கு எந்த எண் வெளிப்படும் என்பது முன்கூட்டி நோயாளிக்குத் தெரியாது. ஃபாக்ஸின் புட்டி செல்போனுக்குள் புகுந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிதுக்கியதற்குத்தான் அது சாட்சி, விழுங்கியதற்கு இல்லை. அந்த வகையில் நான் பழைய புட்டியின் கட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் சேத்துப்பட்டைப் பிறர் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று எனக்கு மனக்குறை. மருந்து சரியாக உள்ளே போனால், சாப்பாடு குறைந்தாலும் நோய் அடங்கும் என்றது அந்த ஆராய்ச்சி. 1961-ல் உணவைப் பற்றியே தனி அறிக்கை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, காசநோய்க்கும் சோற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பல காலம் நடந்துகொண்டார்கள். மருந்து சாப்பிடுபவருக்கு நோய் அடங்குமா என்பதுதான் சேத்துப்பட்டு கேட்ட கேள்வி. சாப்பாடு குறைந்தால் நோய் வருமா என்பது வேறு கேள்வி. 2023-ல் ‘லான்செட்’ ஏட்டில் வந்த ரேஷன்ஸ் ஆய்வு ஜார்க்கண்டில் நடந்தது. அதிலும் சென்னை நிறுவனத்துக்குப் பங்குண்டு. நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடையே சாவும் குறைவு.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதை இன்னொரு பக்கத்திலிருந்து பிடிக்கிறது. நோய் என்று தெரிந்த உடனேயே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். எக்ஸ்ரே இயந்திரமோ ரத்தப் பரிசோதனையோ வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஐந்து நிமிட வேலை. நிலைமை மோசம் என்று தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீட்டு வைத்தியம் போதும் என்று உலகத்துக்குச் சொன்ன அதே ஊர், யாருக்கு அது போதாது என்று இப்போது பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. முதல் சோதனை பெரும்பாலோரைப் பற்றியது. எழுந்து நிற்கவே முடியாதவருக்கு அந்த விடை பொருந்தாது.

பக்கம் நிறைந்துவிட்டது என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தாயிற்று. அடுத்த வாரம் கட்டாயம் ரிஃபாம்பிசின். அதைச் சாப்பிட்டால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், எனவே புட்டிக்கே வேலையில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு சங்கதி பாக்கி: ஐசோனியசிட்டை மளமளவென்று செலவழித்துவிடும் ஈரல்காரர்கள், மெதுவாகச் செலவழிக்கும் ஈரல்காரர்கள் என்று நம்மில் இரண்டு ஜாதி உண்டு. வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது முதல் ஜாதிக்காரர்கள் சேத்துப்பட்டின் கணக்கையே புரட்டிப்போட்டார்கள். ஒரு பத்தியில் முடித்துவிடுவேன்.

(தொடரும்)