நிலத்துக்கு உச்சவரம்பு உண்டு, பங்குக்கு?

காரைக்கால் பகுதியில் போலகம் கிராமத்துக்குப் பக்கத்தில், வாஞ்சூர்க் கடற்கரையில் இருக்கும் காரைக்கால் துறைமுகம் 2023 ஏப்ரலில் கைமாறியது. கடனில் சிக்கித் திவால் நடைமுறைக்குப் போயிருந்த நிறுவனத்தை அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. இந்தக் கடைமடைப் பகுதியில் ஒரு காலத்தில் பெரும் பணக்காரர் என்றால் மிராசுதார்தான். அவர் வீடு எந்தத் தெருவில் என்று பண்ணையாளுக்குத் தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது எதிரிலேயே நிற்பார். இன்றைய பெரும் பணக்காரரைப் போலகத்தார் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால் இடைவெளி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

இந்தியாவுக்கு 1922ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்திலிருந்துதான் தொடர்ச்சியான கணக்கு கிடைக்கிறது. தோமா பிக்கெட்டி, நிதின் குமார் பாரதி உள்ளிட்ட நால்வர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, மொத்த வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதத்தாரின் பங்கு 1922இல் சுமார் 13 சதவீதம். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் அது 20ஐத் தாண்டியது, 1982இல் 6.1க்கு இறங்கியது, 2022-23இல் 22.6. சொத்தில் 40.1 சதவீதம் அவர்களிடம் இருக்கிறது. வரி கட்டுவோர் மிகக் குறைவான நாட்டில் வரிக்கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று பொருளாதார அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. தசமப் புள்ளியை இறுகப் பிடிக்க வேண்டாம். இறங்கி ஏறிய போக்கைப் பார்த்தால் போதும்.

அதற்கும் முந்தைய காலத்தோடு ஒப்பிடப் போனால் வேறொரு சிக்கல். பிராங்கோ மிலனோவிச், பீட்டர் லிண்டர்ட், ஜெஃப்ரி வில்லியம்சன் மூவரும் பழைய சமூகங்களை ஆராய்ந்து ஒரு வரம்பைச் சுட்டினார்கள். உற்பத்தியே சொற்பமான இடத்தில், உழைப்பவர் உயிரோடிருக்கத் தேவையானதை விட்டுவிட்டுத்தான் மேலே இருப்பவர் எடுக்க முடியும். ஏற்றத்தாழ்வுக் குறியீடு அதனால் ஓரளவுக்கு மேல் ஏறாது. இரக்கம் காரணமல்ல, எடுக்க மிச்சமில்லை. ஆகவே குறியீட்டை மட்டும் பார்க்காமல், மிச்சத்தில் எவ்வளவு பறிபோனது என்று கேட்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கணக்கில் 1947இன் இந்தியா அந்த வரம்பைக் கிட்டத்தட்டத் தொட்டிருந்தது.

இந்தப் பக்கத்துப் பழைய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், 1014 வாக்கில், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குத் தலைக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு. இதை மட்டும் படித்தால் சோழ நாடு சமத்துவ பூமி! அதே கோயில் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களைச் சொல்லும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் பேசுகின்றன. அங்கே இருந்தவர்களின் கூலி அந்தப் பங்குப் பட்டியலில் இல்லை.

அந்தக் கூலி பற்றிய பேச்சு அரசாங்கத்தின் சட்டத்தில் ஏறுவதற்கு 1952 ஆயிற்று. ராஜாஜி அரசின் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், பண்ணையாளின் கூலியைப் பேசியதோடு குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது வேண்டும் என்றது. (காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் போலகத்துக்கு அது செல்லாது. ஒரே காவிரித் தண்ணீர், இரண்டு சட்டம்.) 1968 டிசம்பர் 25 இரவு, நாகைக்கு மேற்கே கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் நடந்த கூலிப் போராட்டத்தின் கோரிக்கை அரைப்படி நெல் கூடுதல். எந்தக் குறியீட்டிலும் அரைப்படி தெரியாது.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு இடைவெளியும் உண்டு. பிரான்ஸ் 1848இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்த பிறகு, ரீயூனியன், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தத் துறையிலிருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். நாடு மாறியும் அவர்கள் கூலிகளாகவே இருந்தார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதோ, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி எழுதிக்கொடுத்த சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்தது. கையெழுத்துப் போடாத பக்கத்து வீட்டுக்கு அந்த வழி அடைபட்டது. சாதி ஒன்று, தெரு ஒன்று என்றாலும் வருமானம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவரின் வர்க்கம் தீர்மானித்ததை இன்று பெரும்பாலும் அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே தீர்மானிக்கிறது என்று மிலனோவிச் வாதிடுவதை, காரைக்காலில் புள்ளிவிவரம் காட்டி விளக்கத் தேவையில்லை.

உச்சி 1 சதவீதத்தாரின் வருமானப் பங்கு 1982இல் 6.1க்கு இறங்கியது எப்படி? வாரிசுச் சொத்துவரி 1953இல் வந்தது, செல்வவரி 1957இல். 1973-74இல் வருமானவரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். அந்த விகிதம் வரி ஏய்ப்பை வளர்த்தது, கணக்கில் காட்டாத பணம் இந்த ஆய்வுக்கும் சிக்காது என்பதை மறுப்பதற்கில்லை. வாரிசுச் சொத்துவரி 1985இல் போயிற்று. செல்வவரி 2015 பட்ஜெட்டில் போயிற்று. மிராசுதாரின் சொத்து நிலம். அதற்கு உச்சவரம்பு இன்னும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1970 முதல் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். இந்தப் பக்கம் புதுச்சேரியின் 1973ஆம் ஆண்டுச் சட்டம். துறைமுகப் பங்குகளை ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அப்படியொரு சட்டம் இரண்டு பக்கத்திலும் கிடையாது.