பற்றரிச் சாமானில் முத்திரை உண்டா?



மாம்பழக் காலத்தில் கொடிகாமம் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறை வீதி பிரிகிற சந்தியில் இறங்கினாலே தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் மணக்கும். பழத்தைக் கையில் எடுத்துக் காம்பை முகர்ந்து, விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்துத்தான் எங்கள் பெண்கள் வாங்குவார்கள். தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்க்காமல் காசு கொடுத்த பெண்ணை நான் இன்னும் காணவில்லை.

அதே பெண் நாலு எட்டுத் தள்ளிப் போய், பிளாஸ்ரிக் சாமான் பரப்பியிருக்கிற இடத்தில் குனிகிறாள். முடிவெட்டும் ட்ரிமர், முகத்து உரோமம் எடுக்கும் கருவி, குதிக்கால் தோல் தேய்ப்பது, பச்சைப் பிள்ளையின் நகம் தேய்ப்பது, பற்றரியில் சுழலும் பல் துலக்கி... எல்லாம் அங்கே உண்டு. நிறத்தைப் பார்க்கிறாள், விலையைக் கேட்கிறாள், பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாள். தேங்காய்க்குக் கிடைத்த பரிசோதனைகூட அந்தக் கருவிக்குக் கிடைப்பதில்லை.

இந்தச் சாமான்களை வாங்குவதே வீண் ஆடம்பரம் என்று நான் சொல்ல வரவில்லை. நகம் வெட்டுவதும் வேண்டாத உரோமங்களைக் களைவதும் எங்கள் மார்க்கம் இயற்கைச் சுத்தம் என்று சொல்லித் தந்தவை. நாற்பது நாளுக்கு மேல் விட்டுவிடக் கூடாது என்று எல்லையும் வைத்திருக்கிறது. அழகு நிலையத்துக்குப் போக விரும்பாத பெண்ணுக்கு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையைத் தானே பார்க்க உதவும் கருவி நல்லதுதான். அது எப்படிப்பட்ட கருவி என்பதுதான் கேள்வி.

சொந்தக்கார வீடொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளை பிறந்து ஏழாம் நாள் முடி இறக்க வேண்டும். ஒஸ்தா மாமாவைத் தேடிப்பிடிப்பது கடினமாகிவிட்ட காலம் அல்லவா? சந்தையில் ஒரு ட்ரிமர் வாங்கினார்கள். முதல் நாள் இரவு அதைக் கைப்பேசியின் சார்ஜரில் கொளுவி, மெத்தையின் மேலேயே வைத்துவிட்டு உம்மா சமையலறைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் இனிப்பும் காரமும் கலந்த ஒரு நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் ட்ரிமரின் அடிப்பக்கம் உப்பி வெடித்து, மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப் புகைந்துகொண்டிருக்கிறது. பிள்ளை அதே அறையில், தொட்டிலில். அல்ஹம்துலில்லாஹ், தொட்டில் மறு சுவரோரம் இருந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, இறக்குமதி செய்தவர் விலாசம் இல்லை. சி.ஈ. என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. அந்த எழுத்தின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பற்றரிக்கு ஏங்கிய காலம்

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் பற்றரியின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாதென்று அரசாங்கம் தடுத்த பொருட்களில் ரோச் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட வீடுகள் எத்தனை! ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரியில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் மக்களோ, புத்தளத்து ஓலைக் குடிசைகளில் இருட்டோடு இருந்தார்கள். 2002 இல் கண்டி வீதி திறந்தபோது லொறிகளில் பற்றரியும் வந்தது. அரிய பொருள் கைக்குக் கிடைத்தால் அதைச் சந்தேகப்பட மனம் வராது. ஆனால் அன்றைய ரோச் பற்றரிக்கும் இன்றைய ட்ரிமருக்குள் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பழைய பற்றரி ஒன்றரை வோல்ட். கெட்டுப்போனால் ஒழுகும், ரோச்சைத் துருப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். இப்போதைய கருவிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது லிதியம் அயன் கலம். சிறிய உருவத்துக்குள் பெரிய சக்தி. பொதுவாக 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏறலாம். அதைத் தாண்டவிடாமல் நிறுத்துவதற்கு உள்ளே விரல்நகம் அளவில் ஒரு காவல் சுற்று இருக்க வேண்டும். மலிவுச் சாமானில் மிச்சம் பிடிப்பவன் முதலில் கைவைப்பது அந்தக் காவலில்தான். ஒழுங்கான கருவி எந்தச் சார்ஜரில் கொளுவினாலும் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டும் எடுக்கும். காவல் இல்லாதது நிறுத்தத் தெரியாமல் வாங்கிக்கொண்டே இருக்கும். கலம் சூடாகும், உள்ளே வாயு கட்டும், உப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் தன் சூட்டாலேயே தான் எரியும்.

பரிசோதனை என்றால் என்ன?

லிதியம் கலங்களுக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு தராதரம் இருக்கிறது. ஐ.ஈ.சி. 62133 என்பது அதன் இலக்கம். கலத்தின் இரு முனைகளையும் வேண்டுமென்றே ஒன்றோடொன்று தொடுப்பார்கள். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் மூன்று தடவை போடுவார்கள். நசுக்குவார்கள். 130 பாகை வெப்பத்தில் அடுப்பில் வைப்பார்கள். இத்தனைக்கும் தீப்பிடிக்காமலும் வெடிக்காமலும் இருந்தால்தான் தேர்ச்சி. சவரக் கருவிக்கும் முடிவெட்டும் கருவிக்கும் ஐ.ஈ.சி. 60335 வரிசையில் தனிப் பகுதியே உண்டு. பல் துலக்கும் கருவிக்கு வேறொரு பகுதி.

அப்படியானால் ஏன் சோதிக்காத சாமான் சந்தைக்கு வருகிறது? சட்டங்கள் பல வோல்ட்டை எண்ணி எழுதப்பட்டவை. வளைகுடாவிலிருந்து வரும் மச்சி கொண்டுவருகிற முடி உலர்த்தியில் ஜி என்ற முத்திரை இருக்கும். சுவர் மின்சாரத்தில் ஓடும் முடி உலர்த்தியை வேறொரு நிறுவனம் பரிசோதித்தால்தான் அங்கே அந்த முத்திரை கிடைக்கும். ஆனால் அந்த விதி ஆடலோட்ட மின்சாரத்தில் 50 வோல்ட்டிலிருந்து 1000 வோல்ட் வரைக்குமானது. ஐந்து வோல்ட்டில் சார்ஜ் ஏறும் ட்ரிமர் அந்த வேலிக்குக் கீழால் நுழைந்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் மின்சாரம் தாக்குவதைப் பற்றி யோசித்தார்கள். ஐந்து வோல்ட் ஆளைத் தாக்காது, உண்மைதான். மெத்தையை எரிக்கும்.

இந்த ஓட்டையைச் சில நாடுகள் பற்றரியின் பக்கமிருந்து அடைக்கத் தொடங்கியிருக்கின்றன. இந்தியா 2012 இல் மின்னணுச் சாமான்களுக்குக் கட்டாயப் பதிவைக் கொண்டுவந்து, 2014 இல் மின்கலங்களையும் பவர் பாங்கையும் அதில் சேர்த்தது. இந்தியச் சாமானில் ஐ.எஸ். 16046 என்றும் அதனுடன் ஆர் எழுத்தில் தொடங்கும் ஒரு பதிவு இலக்கமும் இருந்தால், அந்த இலக்கத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கெயார் செயலியில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. சீனாவும் 2024 ஓகஸ்ட் 1 முதல் லிதியம் கலங்களையும் பவர் பாங்கையும் சி.சி.சி. சான்றிதழ் இல்லாமல் விற்கக் கூடாதென்றது. 2025 ஜூன் 28 முதல் அந்த முத்திரை இல்லாத பவர் பாங்கை உள்நாட்டு விமானத்தில் ஏற்றவும் விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் பற்றரிக்கென்றே ஒரு சட்டம் செய்தது.

சரி, அந்த சி.ஈ.? அது பெரும்பாலான வீட்டுச் சாமான்களில் செய்தவரே "ஐரோப்பிய விதிப்படி செய்திருக்கிறேன்" என்று தாமே போட்டுக்கொள்வது. நேர்மையான நிறுவனம் போட்டால் அதற்குப் பின்னால் பரிசோதனைக் கட்டு இருக்கும். பெயரே இல்லாத பெட்டியில் இருந்தால் அது வெறும் மை. யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் நாட்டில்

1964 இல் பணியகமாகத் தொடங்கி, 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாக நடப்பதுதான் எஸ்.எல்.எஸ். முத்திரையைத் தருவது. குறிப்பிட்ட சில பொருட்களுக்குத்தான் அது கட்டாயம். கடையில் உள்ள எல்லாவற்றுக்கும் அல்ல. கட்டாயமாக்கினால் நடக்காது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதவிதமான பிளக்குகளால் வீடுகளில் ஆபத்து என்று, 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கையே நாட்டின் தராதரமாக்கி, 2018 ஓகஸ்டிலிருந்து மற்றவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்துவதாகப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அறிவித்தது. பிளக்குக்குச் செய்தது பிள்ளையின் தலையில் வைக்கும் கருவிக்கு ஏன் கூடாது?

பிஸ்கட் பக்கற்றில் ஹலால் முத்திரையைத் தேடாமல் நாங்கள் காசு கொடுப்பதில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். மேற்பார்வையோடு நிற்காமல் உள்ளே கைவிட்டுப் பார்த்தது கவனிக்க வேண்டியது. கலீபா உமர் (ரழி) அவர்கள் சந்தை விவகாரம் ஒன்றை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற பெண்மணியிடம் ஒப்படைத்ததாகவும் ஒரு தகவல் உண்டு. அதன் வலிமை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்பது பரவலாகச் சொல்லப்படுவது.

பொத்தான் பற்றரி

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நகம் தேய்க்கும் சிறு கருவிகளிலும் காது பார்க்கும் விளக்குகளிலும் விளையாட்டுச் சாமான்களிலும் காசு போன்ற தட்டைப் பற்றரி இருக்கலாம். அதைப் பிள்ளை விழுங்கித் தொண்டைக் குழாயில் சிக்கினால், எச்சில் பட்டு மின்னோட்டம் ஓடி, அங்கே கடுமையான காரம் உருவாகித் தசையை எரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பாரதூரமான புண் உண்டாகலாம். அவுஸ்திரேலியா 2022 ஜூனில், விசை அல்லது திருகாணி இல்லாமல் பிள்ளையால் திறக்க முடியாத மூடி வேண்டுமென்று சட்டமாக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில், பற்றரி விழுங்கி இறந்த ரீஸ் என்ற குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. அவளின் தாய் நடத்திய போராட்டம் அது.

பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே சாவகச்சேரிக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சாப்பாடு கொடுக்க வேண்டாம். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லை, விழுங்க முடிகிறது என்றால், வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்று அமெரிக்க நஞ்சுத் தடுப்பு நிலையம் சொல்கிறது. காரத்தின் வேகத்தைத் தேன் குறைக்கும். தேன் தேடி நேரத்தைக் கடத்தக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது.

வீட்டில் செய்யக் கூடியவை பெரிய வேலைகள் அல்ல. சார்ஜ் ஏறும் கருவியைச் சீமெந்துத் தரையிலோ பீங்கான் தட்டிலோ வையுங்கள். மெத்தையில், தலையணையில், குளியலறையில் வேண்டாம். படுக்கப் போகுமுன் கழற்றிவிடுங்கள். உப்பிய கருவியை மீண்டும் கொளுவாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். வாங்கும்போது பில் கேளுங்கள். கேட்டால் வியாபாரி தந்தே ஆக வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். குறை இருந்தால் வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.

நான் சொன்ன வீட்டாரிடம் பில் இருக்கவில்லை. கருகிய ட்ரிமரை எடுத்துக்கொண்டு அடுத்த சந்தை நாளில் போனபோது அந்த வியாபாரியும் அங்கே இருக்கவில்லை. பிள்ளைக்கு மூத்தப்பாவே ஏழாம் நாள் புதுப் பிளேட் போட்ட கத்தியால் முடி இறக்கினார். நகைக் கடைத் தராசில் முடியை நிறுத்து, அந்த எடை வெள்ளியின் பெறுமதியை ஸதக்காவாகக் கொடுத்தார்கள். மெத்தையில் கருகிய இடத்தை உம்மா இன்னும் தைத்து மூடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.