சேறு படியும் நேரம்

கனடாவின் க்ளோண்டைக்கில் தங்கத்தைப் பிரிப்பதைவிடப் பெரும்பாடு, அலசிய தண்ணீரைத் தெளிய வைத்து ஓடைக்குத் திருப்பித் தருவது.

தங்கத்துக்குப் பேர்போன அந்த ஊரின் பெயர் மீனிலிருந்து வந்தது. கனடாவின் வடமேற்குக் கோடியில், யூகான் பிரதேசத்தில், ஒரு சிற்றாறு யூகான் பேராற்றோடு கலக்கும் இடத்தில் பூர்வகுடிகள் ஆற்றுக்குள் கழிகளைக் கல்லால் அடித்து நட்டு, எதிர்நீச்சலிட்டு வரும் சால்மன் மீனை மறித்துப் பிடித்தார்கள். சுத்தியல் கல்லை வைத்தே ஆற்றுக்கு ட்ரொன்டெக் என்று பெயர். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் தட்டுப்பட, ஓடி வந்த கூட்டத்தின் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. க்ளோண்டைக் ஆகிவிட்டது. மீன் பிடித்தவர்கள் யூகானின் போக்கில் சற்றுக் கீழே இருந்த மூஸ்ஹைட் கிராமத்துக்கு ஒதுங்க நேர்ந்தது.

தங்கத்துக்கும் மீனுக்கும் தண்ணீர் ஒன்றுதான். வழக்கு இன்னும் தீரவில்லை.

இங்கே கோலாரைப் போலப் பாதாளச் சுரங்கம் கிடையாது. பழைய ஆற்றுப் படுகைகளின் சரளைக்கற்களுக்கு நடுவே தங்கம் உதிரியாகக் கிடக்கிறது. அதற்கு மேல் பல அடி கனத்துக்கு உறைந்த கருஞ்சேறு. புல்டோசரால் சேற்றை வழித்தெடுத்து, சரளையை உருளைச் சல்லடையில் கொட்டி, தண்ணீரைப் பீய்ச்சி, சாய்வான நீண்ட தொட்டி வழியே ஓட விடுகிறார்கள். தங்கத்தின் எடை தண்ணீரைப் போல் 19 மடங்கு. மணலின் எடை இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டும். ஆகவே தங்கம் தொட்டியின் குறுக்குச் சட்டங்களிலும் விரிப்பிலும் தங்கிவிட, மற்றதெல்லாம் தண்ணீரோடு வெளியேறுகிறது. சயனைடு வேண்டாம், பாறை உடைக்க வேண்டாம். மிஞ்சுவது வெறும் சேறுதான்.

ஆனால் மீனுக்கு அந்தச் சேறே போதும். சால்மன் முட்டையிடுவது ஓடையடிச் சரளையின் இடுக்குகளில். மெல்லிய வண்டல் அங்கே போய் அடைத்துக்கொண்டால் முட்டைக்குப் பிராணவாயு கிடைக்காது. கிரேலிங் என்கிற இன்னொரு குளிர்நாட்டு மீன் கண்ணால் பார்த்து இரை பிடிப்பது. கலங்கிய நீரில் அது பட்டினி.

எனவேதான் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கீழே வரிசையாகக் குட்டைகள். ஓடி வரும் நீரை நிறுத்தி வைத்தால் மண் படிந்துவிடும் என்பது கிணற்றடியில் குடம் வைத்த எவருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதுதான் சிக்கல். துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றானால், அது படிய ஆகும் நேரம் நூறு மடங்காகிறது. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டே நிமிடங்களில் கடந்துவிடும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். 0.001 மில்லிமீட்டர் களிமண்ணுக்கு ஏறக்குறைய 13 நாட்கள்! இது 20 டிகிரி வெப்பத்தில் உள்ள நீருக்கான கணக்கு. பனி உருகி வரும் யூகான் தண்ணீரில் ஒன்றரை மடங்கு வரை கூடும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை ஓட்டுகிற சுரங்கக்காரரால் களிமண்ணுக்காக 13 நாள் காத்திருக்க முடியாது.

குட்டை வெட்டினால் மட்டும் ஆயிற்றா? நுழைவாயும் வெளிவாயும் நேருக்கு நேர் இருந்தால், தண்ணீர் குட்டை முழுவதும் பரவாமல் நடுவே குறுக்கு வழி போட்டு அப்படியே போய்விடும். வாரா வாரம் அடியில் சேறு ஏற ஏற, தண்ணீர் தங்கும் நேரமும் குறையும். அனுபவசாலிகள் முதலில் ஒரு சிறு குட்டை வெட்டி, மணலை அதிலேயே பிடித்து அள்ளி எறிந்துவிடுகிறார்கள். பெரிய குட்டை மெல்லிய மண்ணுக்கு மட்டும். கரை கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுவது. கையருகே கிடைக்கிற உறைமண்ணைக் குவித்துக் கரை போட்டால், உள்ளிருக்கும் பனிக்கட்டி கோடையில் உருகி, கரை சரிகிறது. தப்பித்தாலும் அடுத்த வசந்தத்தின் பனியுருகு வெள்ளம் காத்திருக்கிறது. ஒரு பருவம் முழுக்கப் படிய வைத்த சேறு ஒரே நாளில் ஓடைக்குப் போய்விடும்.

களிமண்ணைத் திரட்டிப் படிய வைக்கும் ரசாயனங்கள் உண்டு. நம் கிராமங்களில் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளிய வைப்பதும் இதே வேலைதான். ஆனால் பானை வேறு, ஓடை வேறு. செலவு கட்டுப்படியாவதில்லை.

மிச்சமிருக்கும் வழி, தண்ணீரை வெளியே விடாமலே திரும்பப் பயன்படுத்துவது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் அலாஸ்காவில் 1988 முதல் ஏறக்குறைய இதுவே சட்டம். மிகச் சிறிய சுரங்கங்கள் தவிர மற்றவை அலசிய நீரைச் சுற்றிவிட வேண்டும். மழையாலும் ஊற்றாலும் மிகையாகச் சேருவதை மட்டுமே வெளியேற்றலாம். அதிலும் படியும் மண் லிட்டருக்கு 0.2 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது. சோதனை எளிது: ஒரு லிட்டர் நீரைக் கூம்பு வடிவப் பாத்திரத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, நுனியில் சேர்ந்த மண்ணை அளவுக்கோட்டில் பார்க்க வேண்டியதுதான். களிமண் இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பது வேறு விஷயம். ஒரு மணி நேரத்தில் அது படியாதே!

சுற்றிவிடுவதிலும் நஷ்டம் உண்டு. திரும்பத் திரும்ப ஓடும் நீர் குழம்பாகி, மாவு போன்ற பொடித் தங்கம் தொட்டியில் அடங்காமல் மிதந்து போகும். பம்ப்பும் சீக்கிரம் தேயும். மீனைக் காப்பாற்றச் சேற்றைத் தேக்குபவர் தன் தங்கத்தில் கொஞ்சத்தை அதே சேற்றில் இழக்கிறார்.

யூகானில் இந்தச் சண்டை அரசியலாகவே வெடித்தது. 1993ல் சுரங்கங்களுக்கென்று தனி விதிமுறை வந்தது. அது மீனைக் காக்கப் போதாது என்று 2002 இறுதியில் மத்திய மீன்வள அமைச்சர் அதைக் கைவிட முடிவெடுத்தபோது, பிரதேசமே கொதித்தது. இங்கே சுரங்கம் என்பது பெரும்பாலும் குடும்பத் தொழில். அப்பா, மகன், இரண்டு புல்டோசர். இழுபறிக்குப் பின் 2008ல் புதிய முறை வந்தது. எல்லா ஓடைக்கும் ஒரே அளவு இல்லை. சால்மன் முட்டையிடும் ஓடையில் கெடுபிடி, மீன் அதிகம் நாடாத ஓடையில் தளர்வு.

இதற்கிடையே மீன்தான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. பெரிங் கடலிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வரும் சினூக் சால்மன், 2022ல் கனடா எல்லையைத் தாண்டியது 15,000 கூட இல்லை. கடல் வெப்பம், நோய், கடலில் வேறு மீனுக்கு வீசும் வலையில் சிக்குவது என்று விஞ்ஞானிகள் காரணங்களை அடுக்குகிறார்கள். தங்கச் சேறு அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இல்லை. ஆனால் வருவதே சிலதான் எனும்போது, அவை முட்டையிடும் ஒவ்வொரு சரளைத் திட்டும் முக்கியமாகிறது.

2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து யூகானின் சினூக் மீன்பிடிப்பை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தன. எல்லையைத் தாண்டி 71,000 மீனாவது வர வேண்டும் என்பது இலக்கு. சுத்தியல் கல்லால் கழி நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தத் தடை பொருந்தும். தங்கம் அலசுவதற்குத் தடையில்லை. மே மாதம் பனி விலகியதும் பம்ப்புகள் ஓடத் தொடங்குகின்றன.