மாமரத்தடியில் ஒரு பூந்தோட்டம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் பெரிய மாமரம் ஒன்று. மாங்காய்க்குக் குறைவில்லை, வெயிலுக்குத்தான் பஞ்சம். "அங்கே ஒன்றும் வராது" என்று நானும் அதைச் சும்மா விட்டிருந்தேன்.

மூன்று வருஷங்களுக்கு முன் மாசி மாதத்தில், என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் வாக்கர் பிடித்து நடக்கச் சொன்னார் டாக்டர். மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், அத்தை கட்டிலைவிட்டு இறங்கவே மறுத்துவிட்டார். கொல்லைப்புற அறையில் படுக்கை. ஜன்னலைத் திறந்தால் சருகுக் குவியல். நாள் முழுதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சும் குறைந்து போயிற்று.

நாலு பூவாவது கண்ணில் படட்டுமே என்று துலுக்கச் சாமந்தி, ஜினியா விதைகளை வாங்கித் தூவினேன். எல்லாம் வெயிலைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, மொட்டு வைக்காமலே சாய்ந்துவிட்டன.

அன்றுதான் அத்தை வாய் திறந்தார். "ஏம்மா, நிழல்ல வெயில் செடியைப் போட்டா எப்படிப் பூக்கும்? காசித்தும்பை போடு. எங்கம்மா வீட்டுக் கிணத்தடியில யாரும் போடாமலே வருஷா வருஷம் வரும். கனகாம்பரமும் போடு. வேலியோரத்துல ஊதாப்பூ வெடிக்காய்ச் செடி இருக்கும், அதையும் விடாதே."

மூன்றுக்கும் குணம் ஒன்றே. காய் முற்றினால் வெடித்து, தானே விதையைச் சிதறடிக்கும். காசித்தும்பைக் காயைத் தொட்டாலே போதும். மற்ற இரண்டும் நனைந்தால் 'பட்'! காசித்தும்பைக்குத் தாவர நூலில் 'இம்பேஷன்ஸ்' என்று பெயர். 'பொறுமையில்லாதது' என்று அர்த்தமாம். (டில்லி கனகாம்பரம் விதை வைக்காது. அதைக் குச்சி நட்டுத்தான் வளர்க்க வேண்டும்.)

விதை தூவும் விதம் இதுதான்:

கும்மிருட்டான இடம் வேண்டாம். இலைகளுக்கிடையே மூன்று, நாலு மணி நேரமாவது வெயில் எட்டிப் பார்க்கும் இடம் நல்லது. ஆடியில் சருகை ஒதுக்கி, மண்ணை மேலாகக் கொத்திவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் மரத்தின் வேர் அறுபடும். ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு உலர்ந்த மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மெல்லிசாக மண் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் காசித்தும்பைத் தண்டு அழுகிவிடும்.

பத்து நாள் கழித்து, களை என்று நினைத்துக் கைநிறையப் பிடுங்கினேன். ஜன்னலிலிருந்து ஒரு சத்தம்: "அதைக் கொண்டா இங்கே!" கொண்டுபோய்க் காட்டினேன். "முதல் ரெண்டு இலை உருண்டையா தடிப்பா இருக்கு பாரு. அடுத்து வர்ற இலையில ஓரம் ரம்பப் பல்லா இருக்கும். அதான் காசித்தும்பை. நல்லா அடையாளம் தெரியற வரைக்கும் எதையும் பிடுங்காதே!"

அதன் பிறகு நாலு இலை விட்டதும், ஒரு சாணுக்கு ஒன்றாகக் கலைத்துவிட்டேன். கனகாம்பரம் முளைக்க இன்னும் பல நாள் பிடித்தது. புரட்டாசி கடைசியில் ரோஸ், வெள்ளை, சிவப்பு என்று காசித்தும்பை மாமரத்தடியை நிறைத்துவிட்டது.

காய் முற்றிய சமயம். "வெடிச்சு வீணாப் போறதுக்குள்ள துணியைச் சுத்திப் பிடிச்சு எடு. உனக்கு எது முத்தினதுன்னு தெரியாது, இரு" என்றார் அத்தை. வாக்கரைக் கேட்டார்! கொல்லைப் படி வரை எட்டே அடி. என் தோளைப் பிடித்தபடி நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சளாக மாறிய காய்களைக் காட்டிக் கொடுத்தார்.

பூ எலும்பைச் சேர்த்தது என்று சொல்லமாட்டேன். அதற்கு டாக்டரும் பயிற்சியும் வேண்டும். ஆனால் கட்டிலைவிட்டு இறங்க அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

மறு வருஷம் நான் தூவவேயில்லை. மண்ணில் சிதறியதே முளைத்துக்கொண்டது. இப்போதும் ஆடி வந்தால் நான் துடைப்பத்தை எடுக்கும் முன்பே அத்தையின் குரல் வந்துவிடும்: "பார்த்துப் பெருக்கு!"