கிட்டாரும் பாடுவோர் சுருதியும்

கிட்டார் பயிலத் தொடங்குவோரில் பலர், சில வாரங்கள் சென்றதும் அதனைச் சுவரில் மாட்டிவிடுகின்றனர். அவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரே இடந்தான். கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளுள் ஈ, ஏ, டி முதலியன எளிதில் கைக்கு வருகின்றன. சுட்டுவிரலை ஆறு தந்திகளின் மீதும் குறுக்கே கிடத்தி வாசிக்கவேண்டிய எஃப் வந்தவுடன் விரல் நோகிறது; தந்தியோ நாதமின்றி மழுங்குகிறது. இவ்வகைக் கூட்டுக்குப் பார் கார்டு என்று பெயர்.

இதனை விட்டுவிட்டால்தான் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். விட்டுவிட்டால், பாடுகிறவர் நம் வசதிக்குத் தம் குரலை மாற்றிக்கொள்ள நேரும். நம் பெண்களிற் பலர் 5 அல்லது 5½ கட்டையிற் பாடுபவர்கள். 5½ கட்டைக்குத் திறந்த தந்திகளில் எளிய கார்டு இல்லை. ஈ கார்டின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சுட்டுவிரலால் முதல் மெட்டை அடைத்தால் 4 கட்டை. மூன்றாம் மெட்டில் 5. நான்காம் மெட்டில் 5½. ஐந்தாம் மெட்டில் 6. மெட்டுக்கு அரைக் கட்டை என்பதே கணக்கு. 5½ கட்டைப் பாட்டுக்கு மத்திமக் கூட்டு வேண்டுமாயின், அதே நான்காம் மெட்டில் ஏ கார்டின் வடிவத்தை வைக்கலாம். பஞ்சமக் கூட்டு, அவ்வடிவத்திலேயே ஆறாம் மெட்டில் கிடைக்கும். கைவிரல்கள் கற்கவேண்டிய வடிவங்கள் இரண்டே.

இனி, விரல் வலிமையைப் பற்றிய அச்சம். சுட்டுவிரல் ஆறு தந்திகளையும் சமமாக நசுக்கவேண்டும் என்று எண்ணுவதே தொல்லைக்குக் காரணம். ஈ வடிவத்தில் ஐந்தாம், நான்காம், மூன்றாம் தந்திகளை மற்ற மூன்று விரல்களும் அழுத்திக்கொள்கின்றன. சுட்டுவிரலுக்கு மிஞ்சுவன ஆறாவதும் இரண்டாவதும் முதலாவதுமே. விரலைச் சற்றே வெளிப்புறமாகச் சாய்த்து, சதைப்பற்றில்லாத ஓரத்தை மெட்டுக்கு வெகு அருகில் வையுங்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் நேராக நிற்கட்டும். முழங்கையை உடலை நோக்கித் தளர்த்துங்கள். புயத்தின் பாரம் பாதி வேலையைச் செய்துவிடும்.

எஃப் கார்டையே முதற்பாடமாக வைக்கும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. முதல் மெட்டினருகே தந்தி அதன் தலைப்பக்கத் தாங்கிக்கு மிக அண்மையில் இருப்பதால், அங்கே அழுத்தம் கூடுதலாக வேண்டும். ஐந்தாம் மெட்டிலிருந்து தொடங்கி, நாளடைவில் ஒவ்வொரு மெட்டாகக் கீழிறங்குவதே முறை. அப்போதும் முதல் மெட்டு மட்டும் மசியவில்லையென்றால், குற்றம் விரலில் இல்லாமலும் இருக்கலாம். விலை குறைந்த கருவிகளில் அத்தாங்கியின் பள்ளங்கள் ஆழமின்றித் தந்திகள் உயர்ந்து நிற்பதுண்டு. பழுது பார்ப்பவர் அதனைச் சரிசெய்து தருவார். மெல்லிய தந்திகளும் உதவும்.

1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் குடியமர்ந்த நமது சீத்தா கேம்ப்பில், வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கின்றன. இரவுப்பணி முடிந்து பகலில் உறங்குகிறவர் அடுத்த வீட்டிலேயே இருப்பார். இப்பயிற்சியின் பெரும்பகுதிக்கு ஓசையே வேண்டியதில்லை என்பது இங்கே பெரிய சௌகரியம். இடக்கையை மட்டும் வைத்து அழுத்துவதும், தளர்த்துவதும், மீண்டும் அதே இடத்தில் வைப்பதுமாக ஐந்து நிமிடம் பழகலாம். முடிவில் ஒவ்வொரு தந்தியாக மெல்லத் தட்டிப் பார்த்து, மழுங்குவது எது என்று கண்டு, அந்த விரலை மட்டும் திருத்தினாற் போதும். விரல்நுனி நோவது இயல்பே. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடவேண்டும்.

டிராம்பே கழிக்கரையின் ஈரக்காற்று இரும்புத் தந்திகளுக்கு ஆகாது. துருவேறிய தந்தியின் மீது சுட்டுவிரலைக் கிடத்தி நகர்த்துவது தோலுக்குக் கொடுமை. ஆகவே வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து, கருவியை உறையிலிட்டு, மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டாமல் உட்சுவர்ப் பக்கமாக வையுங்கள்.